இம்பீடன்ஸ் எண் தப்பாக வரும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

திரையில் 430 ஓம். நேற்று இதே நோயாளிக்கு 495. இடைப்பட்ட ஒரு நாளில் உடம்பில் நீர் கூடியிருக்கலாம். மணிக்கட்டு எலக்ட்ரோடு முழங்கைப் பக்கம் சற்றுத் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம். தொடைகள் இரண்டும் ஒட்டிக் கிடந்திருக்கலாம். மூன்றுமே எண்ணைக் கீழேதான் இழுக்கும். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எது நடந்தது என்று சொல்ல முடியாது.

உடம்பின் வழியே சிறிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் எழுகிறது என்று பார்ப்பதுதான் இம்பீடன்ஸ் அளவீடு. புத்தகத்தில் மின்மறுப்பு என்று இருக்கும். வார்டில் எல்லோரும் இம்பீடன்ஸ் என்றே சொல்கிறோம். மூச்சை எண்ணும் மானிட்டர், டயாலிசிஸ் பிரிவில் நீரை அளக்கும் கருவி, நுரையீரலைப் படமாக்கும் பெல்ட், உணவுக்குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய், பேஸ்மேக்கர் எல்லாவற்றிலும் இதுதான் அடிப்படை. அதனால் பிழைகளும் ஒரே குடும்பம்தான். நான் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே போவேன்: தோல், கம்பி, கருவி, படுத்திருக்கும் விதம், கடைசியாக உடம்பு. முதல் நான்கையும் தள்ளிவிடாமல் ஐந்தாவதைப் பற்றிப் பேசக்கூடாது. டயாலிசிஸில் எவ்வளவு நீர் எடுப்பது, சிறுநீர் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதெல்லாம் இந்த எண்ணைப் பார்த்து முடிவாகிற இடங்கள் இருக்கின்றன.

## தொடங்கும் முன்: ஒரு சோதனை ரெசிஸ்டர்

சட்டைப் பையில் 500 ஓம், 1 சதவீதத் துல்லியமுள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கம்பி சுற்றிய ரகம் வேண்டாம். அது உயர் அதிர்வெண்ணில் சுருளாகவும் வேலை செய்து கணக்கைக் கெடுக்கும். நான்கு கம்பிக் கருவியாக இருந்தால் ரெசிஸ்டரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மின்னோட்டக் கம்பி, ஒரு மின்னழுத்தக் கம்பி. ரெசிஸ்டன்ஸ் (வெறும் தடையால் வரும் பகுதி) 500-ஐ ஒட்டியும் ரியாக்டன்ஸ் (கெப்பாசிட்டர் போன்றவற்றால் வரும் பகுதி) பூஜ்யத்தை ஒட்டியும் வர வேண்டும். வந்தால் கருவி பெரும்பாலும் சரி.

அப்புறம் இன்னொரு சோதனை. இதைப் பலர் செய்வதில்லை. நான்கு கம்பிகளிலும் தலா ஒரு 500 ஓமைத் தொடராகச் சேர்த்து மீண்டும் அளந்து பாருங்கள். எண் மாறக்கூடாது. நான்கு எலக்ட்ரோடு முறையின் நோக்கமே தோலின் தடையைக் கணக்கிலிருந்து விலக்குவதுதான். மின்னழுத்தம் பார்க்கும் கம்பியில் மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதில்லை என்பதால் அங்கே தோல் எவ்வளவு தடுத்தாலும் பாதிப்பு வரக்கூடாது. எண் மாறினால் கேபிளிலோ உள்ளே இருக்கும் பெருக்கியிலோ கோளாறு. பிறகு ஒரே ஒரு கம்பியில் மட்டும் கூடுதல் தடை போட்டுப் பாருங்கள். நான்கிலும் சமமாகப் போட்டபோது பிடிபடாத பலவீனம் இதில் வெளியே வரும். நிஜத் தோலில் நான்கு இடமும் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை.

பல அதிர்வெண்களில் அளக்கும் கருவிக்கு இது போதாது. 680 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அதற்கு இணையாக 910 ஓமும் 3.3 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. 680 என்பது செல்லுக்கு வெளியே உள்ள நீர், 910 செல்லுக்குள் உள்ள நீர், கெப்பாசிட்டர் செல்லின் சவ்வு. தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செல்களைச் சுற்றிக்கொண்டு போகும். 680 காட்ட வேண்டும். மிக உயர்ந்த அதிர்வெண்ணில் சவ்வைக் கடந்து உள்ளேயும் போகும். 389 ஓமுக்கு இறங்க வேண்டும். சுமார் 30 கிலோஹெர்ட்ஸில் ரியாக்டன்ஸ் உச்சம் தொட்டு 145 ஓமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் நிம்மதியாக நோயாளியிடம் போகலாம்.

## எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது

சோதனை ரெசிஸ்டரில் நிலையாக இருந்து நோயாளியிடம் மட்டும் ஆடினால், பத்தில் எட்டு முறை தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் உள்ள தொடர்புதான் காரணம். எலக்ட்ரோடை உரித்து ஜெல்லை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, சற்றே பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். ஓரத்தில் தோல் போல உலர்ந்து, நடுவில் மட்டும் ஈரம் இருந்தால் அந்தப் பாக்கெட் திறந்து பல நாள் ஆகியிருக்கிறது, மொத்தமாக ஒதுக்கிவிடுங்கள். காலாவதித் தேதி பாக்கெட் மூடியிருக்கும்வரைதான் செல்லும்.

தோலின் மேலடுக்கு உயிரற்ற, காய்ந்த அடுக்கு. அதுதான் பெரிய தடை. எண்ணெய், லோஷன், வியர்வை உப்பு எல்லாவற்றையும் துடைத்து, ஆல்கஹால் முழுவதும் உலரவிட்டு, தேவையானால் மென்மையாகத் தேய்த்து ஒட்டுங்கள். ஆல்கஹால் ஈரத்தின் மேலேயே ஒட்டினால் பசை பிடிக்காது. ரோமம் இருந்தால் கத்தரித்துவிடுங்கள். ஒரே அளவீட்டில் வெவ்வேறு தயாரிப்பு எலக்ட்ரோடுகளைக் கலக்க வேண்டாம்.

ஒட்டியது சரியாக இருந்தும் ஆட்டம் தொடர்ந்தால் கேபிளை நீளவாக்கில் மெல்ல வளைத்துக்கொண்டே திரையைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் வளைக்கும்போது எண் குதித்தால் உள்ளே கம்பி அறுந்து தொட்டுக்கொண்டிருக்கிறது. அநேகமாகப் பிடிப்பானுக்கு அருகிலுள்ள முதல் சில சென்டிமீட்டரில்தான் அது இருக்கும்.

நடுக்கமும் குளிரும் எண்ணை ஆட்டும். தோல் குளிர்ந்தால் இரத்த ஓட்டம் குறைந்து இம்பீடன்ஸ் ஏறும். போர்த்திவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் பலருக்குச் சரியாகிவிடும்.

## பூஜ்யத்தை ஒட்டிய எண், அல்லது மைனஸ்

இது கம்பி மாறிப்போனதன் அடையாளம். மின்னோட்டக் கம்பிகள் இரண்டையும் கையிலேயே, மின்னழுத்தக் கம்பிகள் இரண்டையும் காலிலேயே மாட்டினால் மின்னோட்டம் கைக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றித் திரும்பிவிடும். காலில் அளக்க ஒன்றும் இருக்காது. ஒரு ஜோடியின் முனைகள் மட்டும் தலைகீழானால் மைனஸ் வரும்.

இன்னொரு மாறாட்டம் எண்ணில் தெரியவே தெரியாது. மின்னோட்ட ஜோடி முழுவதும் மின்னழுத்த ஜோடியின் இடத்திலும், அது இதன் இடத்திலும் போனால் கோட்பாட்டின்படி அதே எண்தான் வரும். எனவே எண் சரியாக இருப்பது கம்பி சரியாக இருப்பதற்குச் சாட்சியல்ல. நிறத்தைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

## ஒரே நோயாளி, ஒரே நாள், வேறு வேறு எண்

அதிக நேரம் செலவாவது இங்கேதான்.

வழக்கமான முறையில் 50 கிலோஹெர்ட்ஸில் கையிலிருந்து கால்வரை அளக்கிறோம். நல்ல உடல்நிலையுள்ள பெரியவர் ஒருவருக்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 400 முதல் 600 ஓம் இருக்கும். ரெசிஸ்டன்ஸ் 500, ரியாக்டன்ஸ் 60 என்றால் ஃபேஸ் ஆங்கிள், அதாவது இந்த இரண்டின் விகிதத்திலிருந்து வரும் கோணம், 6.8 டிகிரி. இந்த 500 ஓம் உடம்பெங்கும் சமமாகப் பரவியிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கையும் காலும் ஒல்லியான குழாய்கள். மொத்த இம்பீடன்ஸில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான். உடல் எடையில் பாதியைச் சுமக்கும் நடு உடம்பின் பங்கு பத்தில் ஒன்றுதான். அதிலும் மணிக்கட்டு, கணுக்கால் போன்ற குறுகலான இடங்களில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் விலை அதிகம். மின்னழுத்த எலக்ட்ரோடு 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 2 சதவீதம் மாறும்.

மணிக்கட்டின் மேல்புறத்தைப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முண்டு ஒன்று, கட்டைவிரல் பக்கம் அதைவிடத் தாழ்ந்த முண்டு ஒன்று. இரண்டையும் இணைத்து மனதில் ஒரு கோடு போடுங்கள். மின்னழுத்த எலக்ட்ரோடின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் உட்காருவது ஒரு வழக்கம். நடுப்பகுதி உட்காருவது இன்னொரு வழக்கம். உங்கள் கருவியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, பிரிவில் உள்ள எல்லோரும் அதையே செய்யுங்கள். காலை ஷிஃப்டில் ஒருவர் விளிம்பையும் மாலை ஷிஃப்டில் ஒருவர் நடுவையும் வைத்தால் நோயாளியின் நீர் தினமும் இருமுறை ஏறி இறங்குவது போலத் தெரியும். மின்னோட்ட எலக்ட்ரோடு நடுவிரல் முட்டிக்குச் சற்று மேலே, புறங்கையில். இரண்டுக்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் வேண்டும். சிறிய கை என்றால் அந்த இடைவெளி கிடைக்காது. அப்போது மின்னோட்ட எலக்ட்ரோடை விரல் பக்கம் நகர்த்துங்கள், மணிக்கட்டைத் தொடாதீர்கள். காலிலும் இதே கதை: கணுக்காலின் இரு முண்டுகளை இணைக்கும் கோடு.

அடுத்து படுக்கும் விதம். கைகள் உடம்பிலிருந்து சுமார் 30 டிகிரி விலகி, கால்கள் 45 டிகிரி அகன்று இருக்க வேண்டும். தொடையோடு தொடை ஒட்டினால் மின்னோட்டத்துக்குக் குறுக்கு வழி கிடைத்து எண் சட்டென்று இறங்கும். பருமனான நோயாளிக்குக் கால்களை அகற்றினாலும் தொடைகள் ஒட்டும். நடுவே உலர்ந்த துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். அக்குளிலும் அப்படியே. கட்டிலின் உலோகச் சட்டத்தில் கையோ காலோ படக்கூடாது.

நின்றுகொண்டிருந்தவர் படுத்ததும் காலில் தேங்கிய நீர் மேலே நகரத் தொடங்கும். இம்பீடன்ஸ் முதல் பத்து நிமிடம் தெளிவாக ஏறும், அப்புறமும் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். ஒருமுறை படுத்தவுடன், மறுமுறை அரைமணி நேரம் கழித்து என்று அளந்தால் வித்தியாசம் வரத்தான் செய்யும். உங்கள் பிரிவுக்கு ஒரு நேரத்தை, 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், நிர்ணயித்து மாற்றாமல் பின்பற்றுங்கள். சாப்பாடு, உடற்பயிற்சி, சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் மேலே சொன்ன மூன்றோடு ஒப்பிட்டால் சிறியவை.

20 ஓம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். உயரத்தின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் வகுத்துத்தான் உடல் நீர் கணக்கிடப்படுகிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 500 ஓம் 480 ஆனால் நீரின் கணக்கில் ஒரு லிட்டருக்கு மேல் கூடிவிடும். ஒரு நோயாளிக்கு அது மாத்திரையை மாற்றும் அளவு.

## வரைபடத்தின் ஓரம் வளைகிறது

பல அதிர்வெண்களில் அளந்து ரெசிஸ்டன்ஸை ஒரு அச்சிலும் ரியாக்டன்ஸை மற்றதிலும் போட்டால் ஒரு வில் கிடைக்கும். கோல் வரைபடம் என்பது இதைத்தான். சோதனைச் சுற்றில் முழு அரைவட்டமாகவும், மனித உடம்பில் அமுங்கிய வில்லாகவும் இருக்கும். செல்கள் எல்லாம் ஒரே அளவிலும் வடிவிலும் இல்லாததால் அந்த அமுக்கம். அது பிழையல்ல.

உயர் அதிர்வெண் முனையில் வில் அடங்காமல் கொக்கி போல வெளியே திரும்பினால் கேபிளுக்கும் தரைக்கும், நோயாளிக்கும் தரைக்கும் இடையே மின்னோட்டம் கசிகிறது. கேபிளைச் சுருட்டி வைத்திருந்தால் பிரியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடந்தால் விலக்குங்கள். கட்டில் சட்டத்திலிருந்து தூக்கி வையுங்கள். கொக்கி சுருங்கும். முழுவதும் போகாது, மீதியை மென்பொருள் திருத்தும். அந்தத் திருத்தம் பெரிதாக இருக்கிறது என்று கருவி சொன்னால் செல்லுக்குள் உள்ள நீரின் எண்ணை நம்பாதீர்கள். அது இந்த முனையிலிருந்துதான் வருகிறது. தாழ்ந்த முனையில் புள்ளிகள் சிதறினால் மறுபடியும் தோல்தான், ஏதோ ஒரு எலக்ட்ரோடு மற்றவற்றைவிட மோசமாக ஒட்டியிருக்கிறது.

## மானிட்டரில் மூச்சு எண்ணிக்கை பொருந்தவில்லை

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போகக்கூடாது என்று விரும்புகிறேன்.

படுக்கையோர மானிட்டர் ஈ.சி.ஜி. எலக்ட்ரோடுகள் வழியாகவே மூச்சையும் எண்ணுகிறது. மார்பின் இம்பீடன்ஸ் பல நூறு ஓம். காற்று உள்ளே போகும்போது அது கூடும். எவ்வளவு? ஒரு ஓம் அளவு, பலருக்கு அதற்கும் குறைவு. அந்தச் சின்ன அலையைத்தான் மானிட்டர் எண்ணுகிறது.

மூச்சும் நாடித்துடிப்பும் ஒரே எண்ணைக் காட்டினால் மானிட்டர் இதயத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மார்பில் இரத்தத்தின் அளவு மாறுவதால் அதற்கும் ஓர் அலை உண்டு. மூச்சு ஆழமில்லாமல் போகும்போது இந்த அலை மேலோங்கும். மூச்சு அலையைத் திரையில் பெரிதாக்கி, மேலே ஓடும் ஈ.சி.ஜி.யோடு பொருத்திப் பாருங்கள்: ஒவ்வொரு கூரான உயர்வுக்கும் கீழே ஒரு சின்ன மேடு தவறாமல் வந்தால் அது மூச்சு அல்ல. இதன் ஆபத்து என்னவென்றால், மூச்சு உண்மையிலேயே நின்றுவிட்டாலும் மானிட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும், அலாரம் அடிக்காது. குறைமாதக் குழந்தைகளிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எவ்வளவு உயரமான அலையை மூச்சாக எண்ணுவது என்ற வரம்பைக் கையால் உயர்த்துவது, அல்லது அளக்கும் எலக்ட்ரோடு ஜோடியை (லீட்) ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுவது வழி. எலக்ட்ரோடுகளை இதயத்துக்கு நேர் மேலே இல்லாதபடியும், இரண்டுக்கும் நடுவே நுரையீரல் அதிகம் அடங்கும்படியும் நகர்த்துங்கள்.

நோயாளி நன்றாக மூச்சு விடுகிறார், மானிட்டரில் பூஜ்யம் அல்லது மிகக் குறைவு. வயிற்றால் மூச்சு விடுபவராக இருக்கலாம். இடது கீழ் எலக்ட்ரோடை வயிறு அதிகம் உயர்ந்து தாழும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். எலக்ட்ரோடு காய்ந்திருக்கலாம், ஈ.சி.ஜி. நன்றாகத் தெரியும்போதே மூச்சு அலை செத்துப்போவது உண்டு. அறுவை அரங்கிலிருந்து வந்த நோயாளி என்றால் கேபிளைப் பாருங்கள். மின் கத்தியின் இரைச்சலைத் தடுக்கும் ரகக் கேபிளில் மூச்சு அளவீடு வேலை செய்யாது. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தக் கேபிள்தான் காரணம் என்று தெரிந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதிலிருந்து கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதை முதலில் படிக்கிறேன்.

மூன்றாவது வகையில் எண் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். தொண்டை அடைபட்டு, காற்று போகாமல், மார்பு மட்டும் ஏறி இறங்கினால் இம்பீடன்ஸும் ஏறி இறங்கும். மானிட்டர் 14 என்று காட்டும். நுரையீரலுக்கு ஒரு மடக்குக் காற்றுகூடப் போயிருக்காது. அறுவைக்குப் பின் ஓபியாய்டு வலி மருந்து பெற்று, ஆக்ஸிஜனும் போட்டுத் தூங்கும் நோயாளியிடம் இது நடந்தால் ஆக்ஸிஜன் அளவு இறங்கவும் நேரமாகும். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். இம்பீடன்ஸ் மார்பின் அசைவை அளக்கிறது, காற்றை அளக்கவில்லை. இதை எந்த அமைப்பை மாற்றியும் சரிசெய்ய முடியாது. இப்படிப்பட்ட நோயாளிக்கு வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைப் பார்க்கும் கேப்னோகிராஃபி வேண்டும். அது இல்லாத இடத்தில் மூக்கருகே புறங்கையை வைத்து, மார்பைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். குறட்டை சட்டென்று நின்று மார்பு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் அப்போதே தாடையை உயர்த்தி மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

கூடவே ஒன்று. மானிட்டரை மாட்டியதும் பேஸ்மேக்கர் உள்ள நோயாளியின் நாடி காரணமின்றி உயர் வரம்புக்குப் போனால் மானிட்டரின் மூச்சு அளவீட்டை அணையுங்கள். சில பேஸ்மேக்கர்கள் தாமே இம்பீடன்ஸ் வழியாக மூச்சைப் பார்த்து வேகத்தைக் கூட்டுபவை. மானிட்டரின் மின்னோட்டத்தை வேகமான மூச்சு என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1998-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அணைத்ததும் நாடி இறங்கினால் காரணம் உறுதி. தெரியாமல் மருந்து கொடுத்து நாடியைக் குறைக்கப் போவதுதான் பயம்.

## டயாலிசிஸ்: எண் ஒன்று சொல்கிறது, கால் வீக்கம் வேறு சொல்கிறது

முதலில் உள்ளிட்ட உயரத்தையும் எடையையும் பாருங்கள். 165-க்குப் பதில் 156 என்று தட்டினால் உயரத்தின் வர்க்கம் கிட்டத்தட்ட 11 சதவீதம் குறைந்துவிடும். எலக்ட்ரோடை மாற்றுவதற்கு முன் அந்த இரண்டு எண்ணைச் சரிபார்க்க அரை நிமிடம் ஆகாது.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் எலக்ட்ரோடு ஒட்டாதீர்கள். அந்தக் கையின் இரத்த ஓட்டமும் வீக்கமும் மற்றக் கையைப் போல இல்லை. எந்தப் பக்கம் அளந்தீர்களோ ஒவ்வொரு முறையும் அதே பக்கம். உலோக மூட்டு பொருத்திய காலையும் தவிர்த்துவிடுங்கள். டயாலிசிஸ் தொடங்கும் முன் அளப்பது நல்லது. முடிந்தபின்தான் அளக்க முடியும் என்றால் அரைமணி நேரமாவது விடுங்கள். இரத்தக் குழாயிலிருந்து எடுத்த நீருக்கு ஈடாகத் திசுவிலிருந்து நீர் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும்.

வயிற்றில் பல லிட்டர் நீர் கோத்திருக்கும் நோயாளிக்கு எண் அதைக் காட்டாது. நடு உடம்பின் பங்கு பத்தில் ஒன்றுதான் என்று மேலே பார்த்தோமே, அதுதான் காரணம். வயிற்று நீரை வெளியே எடுத்தபின்னும் இம்பீடன்ஸ் அசையவில்லையே என்று கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரு கால் எடுக்கப்பட்டவருக்கு வழக்கமான சூத்திரமே பொருந்தாது. இந்த இரண்டு நிலையிலும் வந்த எண்ணைத் தனியாக எடுத்து முடிவு செய்யாமல், அதே நோயாளியின் முந்தைய எண்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

## இதய வெளியேற்ற எண் நம்பும்படி இல்லை

இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று கணக்கிடும் இம்பீடன்ஸ் கார்டியோகிராஃபியில் கழுத்துக்கும் மார்பின் அடிக்கும் இடையே அளக்கிறோம். 1966-ல் குபிசெக் குழுவினர் தந்த சூத்திரத்தில் எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான தூரத்தை அடிப்படை இம்பீடன்ஸால் வகுத்து வர்க்கம் எடுக்க வேண்டும். ஆகவே தூரத்தில் 5 சதவீதம் பிசகினால் விடையில் 10 சதவீதம். டேப்பை வளைத்து அளக்காமல் நேராக அளங்கள். அடிப்படை இம்பீடன்ஸ் 20 முதல் 35 ஓமுக்குள் இல்லையென்றால் எலக்ட்ரோடு இடத்தை மீண்டும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் விடை பொருந்தாமல் போகும் நோயாளிகள் உண்டு: மகாதமனி வால்வு கசிபவர், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தவர், செப்டிக் அதிர்ச்சியில் இருப்பவர். அங்கே இந்த முறையை விட்டுவிட வேண்டும்.

## நுரையீரல் பெல்ட்டில் ஒரு பகுதி கருப்பாக இருக்கிறது

படத்தில் நோயாளியின் வலப்பக்கம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். அதை முதலில் நினைவில் வையுங்கள். அப்புறம் பெல்ட். நான்காவது, ஐந்தாவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் உதரவிதானம் படத்துக்குள் வந்து, காற்றுப் போகாத பகுதி போலக் காட்டும். 16 அல்லது 32 எலக்ட்ரோடுகளில் ஒன்று விட்டாலும் அதன் பக்கம் சிதையும். கட்டுத்துணியின் மேலோ உலர்ந்த தோலின் மேலோ எது உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காற்று மாறிமாறி நிரம்பும் மெத்தை ஓடிக்கொண்டிருந்தால் படம் தானாக மெல்ல நகரும். அளக்கும்போது மெத்தையை நிலையான அமைப்பில் வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கருப்பு மாறவில்லை என்றால் அது நோயாளியிடம்தான் இருக்கிறது. சரிந்த நுரையீரல், நீர், மார்புக்கூட்டில் சேர்ந்த காற்று மூன்றுமே அப்படிக் காட்டலாம். படம் மாற்றத்தை மட்டும் காட்டுகிறது, உருவத்தைக் காட்டவில்லை; எனவே ஸ்டெதாஸ்கோப்பும் அல்ட்ராசவுண்டும் அடுத்து வர வேண்டும்.

## உணவுக்குழாய்: 24 மணி நேரத்தில் ஒரு எதுக்களிப்பும் பதிவாகவில்லை

நோயாளி நெஞ்செரிச்சல் பொத்தானைப் பலமுறை அழுத்தியிருக்கிறார், மென்பொருள் ஒன்றும் இல்லை என்கிறது. வயிற்றுத் திரவம் மேலே வரும்போது இம்பீடன்ஸ், குழாயில் வரிசையாக உள்ள எலக்ட்ரோடு வளையங்களில் கீழ் வளையத்தில் முதலில் இறங்கி, அப்புறம் மேல் வளையத்தில் இறங்கும். விழுங்கும்போது மேலிருந்து கீழ். அடிப்படையில் பாதிக்குக் கீழே இறங்கினால்தான் மென்பொருள் அதை எண்ணும். உணவுக்குழாயின் உட்சுவர் ஏற்கெனவே புண்பட்டு அடிப்படை 300 ஓமுக்கு வந்துவிட்டவருக்கு இன்னும் பாதி இறங்க இடமே இல்லை. அதாவது நோய் அதிகமாக இருப்பவரிடம்தான் எண்ணிக்கை குறையும். அளவீட்டை உருட்டிக் கண்ணால் படியுங்கள். இரவின் அமைதியான நேரத்தில், விழுங்கலும் எதுக்களிப்பும் இல்லாத பத்துப் பத்து நிமிடத் துண்டுகள் மூன்றை எடுத்து அடிப்படையின் சராசரி பாருங்கள். 1500 ஓமுக்குக் கீழ் என்றால் எதுக்களிப்பு நோய்க்கு ஆதரவான சான்று; 2500-க்கு மேல் என்றால் எதிரான சான்று.

எண் கூர்மையாக மேலே குதித்தால் அது காற்று, ஏப்பம். பிழையல்ல. எல்லா வளையங்களும் ஒரே நொடியில் சேர்ந்து விழுந்தால் இணைப்பான் தளர்ந்திருக்கிறது, அல்லது குழாய் நகர்ந்திருக்கிறது; மூக்கருகே உள்ள குறியைப் பாருங்கள்.

## உள்ளே பொருத்திய கருவியின் எச்சரிக்கை

பேஸ்மேக்கர் கம்பியின் இம்பீடன்ஸ் பொதுவாகச் சில நூறு ஓமிலிருந்து ஓராயிரத்துச் சொச்சம்வரை. சட்டென்று பல ஆயிரத்துக்கு ஏறினால் கம்பி முறிந்திருக்கலாம் அல்லது இணைப்புத் திருகு இறுகவில்லை. 200-க்குக் கீழ் விழுந்தால் உறை கிழிந்து மின்னோட்டம் கசிகிறது. இங்கே ஒரு தனி எண்ணைவிட மாதவாரிக் கோடு முக்கியம்; அதை அச்செடுத்து இதய மின்னியல் மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். கையை உயர்த்தச் சொல்லி, தோளைச் சுழற்றச் சொல்லி அளந்தால் விட்டுவிட்டு வரும் முறிவும் பிடிபடும். நாடிக்கு அந்தக் கம்பியையே நம்பியிருப்பவர் என்றால் இதை வார்டில் செய்யாதீர்கள். மாற்று ஏற்பாடு உள்ள அறையில், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும்.

மார்பு நீர் கூடுகிறது என்று உள்கருவி எச்சரித்தால் இதயச் செயலிழப்பு முதல் சந்தேகம். ஆனால் பொருத்திய முதல் வாரங்களில் கருவியை வைக்கத் தோலுக்கடியில் செய்த பையைச் சுற்றிய வீக்கமும், பின்னாளில் நிமோனியாவும் அதே எச்சரிக்கையைத் தரும். எடை, மூச்சுத்திணறல், காய்ச்சல் மூன்றையும் கேட்டு எழுதிய பிறகு அழைத்துச் சொல்லுங்கள்.

உடல் நீர் அளக்கும் கருவியை இப்படிப்பட்டவருக்குப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60601-1 என்ற சர்வதேசத் தரத்தில் நோயாளி வழியே போகும் மின்னோட்டத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ்வரை 100 மைக்ரோஆம்பியர் வரம்பு. அதற்குமேல் அதிர்வெண்ணோடு சேர்ந்து உயர்ந்து 10 மில்லிஆம்பியரில் நிற்கும். 50 கிலோஹெர்ட்ஸில் நாம் செலுத்தும் 800 மைக்ரோஆம்பியரோ அதற்கும் குறைவானதோ அந்த வரம்புக்கு மிகக் கீழே. ஆனால் அந்தக் கணக்கு உடம்புக்கானது, உள்ளே இருக்கும் கருவிக்கானது அல்ல. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பேஸ்மேக்கர், டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கையேட்டில் அப்படி இருந்தால் போட வேண்டாம். அளவீட்டுத் தாளில் எந்தக் காரணத்தால் அளக்கவில்லை என்று எழுதி வைத்தால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் தெரியாமல் எலக்ட்ரோடு ஒட்டமாட்டார்.